தன்னைத் தின்று பிழைக்கும் புற்றணு

இரைப்பைக்குப் பின்னால், உடலின் ஆழத்தில் அமைந்துள்ள உறுப்பு கணையம். அங்குத் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு இடமிருப்பது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கே. ஏனையோர் மருந்தையே நம்ப வேண்டியுள்ளது. 2011-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நான்கு மருந்துகளை இணைத்து அளித்தனர். ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.8 மாதமாக இருக்க, இவர்களுடையது 11.1 மாதமாயிற்று. நோயாளியின் குடும்பத்திற்கு அந்த நான்கு மாதம் சிறிதன்று. எனினும் நாளடைவில் புற்றணுக்கள் இம்மருந்துகளுக்கும் பணிய மறுக்கின்றன.

இந்நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ‘கே-ராஸ்’ என்னும் மரபணு பழுதுற்றிருக்கிறது. ‘வளர்க’ என்று உயிரணுவுக்கு ஆணையிடுவது அம்மரபணு ஆக்கும் புரதம். பழுதுற்றால் ஆணை ஓய்வதேயில்லை. மருந்து பற்றுதற்கேற்ற பள்ளம் அப்புரதத்தில் எளிதில் அகப்படவில்லை. 2013-இல் கலிபோர்னிய விஞ்ஞானிகள் அதன் ஒரு வகையில் பள்ளமொன்றைக் கண்டனர். ஆனால் அவ்வகை கணையப் புற்றில் அரிது.

ஆகவே ஆணையை விடுத்து, அதனை உள்ளே கொண்டு செல்லும் புரதங்களைத் தடுத்துப் பார்த்தனர். அப்போதும் புற்றணு மடியவில்லை. காரணத்தை 2019-இல் யூட்டா, வட கரோலினா ஆகிய அமெரிக்க மாநிலங்களின் ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே விளக்கின. பஞ்சகாலத்தில் விதைநெல்லையும் குற்றி உண்ணும் குடும்பம்போல, ஆணை தடைப்பட்ட புற்றணு தன் உட்கூறுகளையே சிதைத்து உணவாக்கிக் கொள்கிறது. நல்ல உயிரணுக்களிலும் நிகழ்வதே இத்தன்னுண்ணல். ஈஸ்ட்டில் இதனை ஆராய்ந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபெல் பரிசு பெற்றார்.

சிதைத்தல் நடைபெறுவது உயிரணுவினுள் உள்ள அமிலப் பைகளில். மலேரியா ஊழியர்கள் நன்கறிந்த குளோரோக்குயினும், அதன் இனமான ஹைட்ராக்சி-குளோரோக்குயினும் அப்பைகளின் அமிலத்தன்மையைக் குறைப்பவை. இப்பின்னைய மருந்தைத் தனியே அளித்த முந்தைய சோதனையில் பயன் ஏதும் இல்லையென்றே கூறலாம். ஆணைத்தொடரைத் தடுக்கும் டிரமெடினிபுடன் சேர்த்தபோதோ, எலிகளில் வளர்க்கப்பட்ட மனிதக் கட்டிகள் சுருங்கின. பிற சிகிச்சைகள் பலிக்காத நோயாளி ஒருவருக்கும் கட்டி குறைந்தது. முழுக் குணமன்று; ஒருவருக்குக் கிட்டிய பலனைக் கொண்டு மலேரியா மாத்திரையை இந்நோய்க்கு மருந்தென எவரும் கொள்ளலாகாது.

இவ்விணைப்பு எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம் உதவும் என்பதை அறிய மருத்துவமனைச் சோதனைகள் தொடங்கப்பட்டன. கே-ராஸின் பிற வகைகளை நேரே பற்றும் மருந்துகளும் அதன்பின் சோதனைக்கு வந்துள்ளன. அவற்றுக்கும் புற்றணு தன்னுண்ணலால் ஈடுகொடுக்கிறதா என்பது ஆராயப்பட்டு வருகிறது.