மானிப்பாயில் மாறிய பாடத்திட்டம்

அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் அண்டர்சன் குழுவின் குறை இதுதான்: பிள்ளைகள் ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், மிஷனுக்கு வேண்டிய தமிழ்ப் போதகர்கள் கிடைப்பதில்லை. அதே குறை மானிப்பாயிலும் இருந்தது. அங்கே மருத்துவம் கற்பித்தவர் பள்ளியை மூடவில்லை, பாடத்திட்டத்தை மாற்றினார்.

அவர்தான் மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். அடுத்த ஆண்டே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார், ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் தோட்டப்பகுதிகளுக்கும் போனார்கள். நல்ல சம்பளம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாந்திபேதி வந்தால் கிராமத்தில் பார்க்க ஆளில்லை.

1862இல் இரண்டாம் முறை வந்த கிறீன், வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். இப்போது ஒரு தீர்மானமாக எழுதிவிடலாம்; அன்று அதற்குப் போதிய புத்தகங்கள் இல்லை. ‘பிரசவ வைத்தியம்’ 1857இல் வந்திருந்தது. ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது. லண்டனில் 1858இல் முதன்முதல் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், 14 ஆண்டுகளில் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் கிடைத்தது. ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் தேடி, தன்னிடம் படித்தவர்களையும் கூட இருத்தி அவர் செய்த வேலை அது. 1873இல் ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. ‘கெமிஸ்தம்’ அச்சானது 1875இல்.

படிப்பவன் நாளை எங்கே, யாருக்கு வேலை செய்யப்போகிறான் என்ற கேள்வியிலிருந்து மொழியும் நூலும் பயிற்சியும் பிறந்தன. நமது பல்கலைக்கழகத்திலும் இதை முதற்கேள்வியாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1974இல் திருநெல்வேலியில் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மாறாமல் இருக்கவில்லை. பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தபோது, அந்தப் பிள்ளைகளுக்கென்று தொழில்நுட்ப பீடமும் அங்கே எழுந்தது. அது வேண்டிய மாற்றமே.

கவலையெல்லாம் கலைப்பீடத்தைப் பற்றியது. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்ற பழமொழி இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்கில் இருந்தார்கள். 2020இல் அரசு பட்டதாரிப் பயிலுநர்களை மாதம் 20,000 ரூபாவுக்கு எடுத்தது. படித்த பாடத்துக்கும் உட்கார வைத்த மேசைக்கும் பலருக்குத் தொடர்பே இல்லை. பிள்ளைகளின் மூன்று நான்கு வருட உழைப்பை இப்படி வீணடிக்கலாமா?

கலைப்படிப்புக்கு இங்கே வேலை இல்லை என்பது பொய். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி நீட்ட, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மேசைக்கு அருகே, இரண்டு மொழியும் சட்டச் சொற்களும் தெரிந்த ஒருவர் வேண்டும். மொழிபெயர்ப்புக் கற்கை நமது பல்கலைக்கழகத்திலேயே பட்டப்படிப்பாக இருக்கிறது. அதைச் சிறு வகுப்பாக வைத்திருக்காமல் பெருக்க வேண்டும். கலைப்பீடத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வருடத்திலிருந்தே சிங்களம் கற்பிக்க வேண்டும். கடைசி வருடத்தில் ஒரு பருவம் பிரதேச செயலகத்திலோ நீதிமன்றப் பதிவகத்திலோ பயிற்சிக்கு இருத்த வேண்டும். புவியியல் படிப்பவர்களுக்கும் வேலை காத்திருக்கிறது: குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நீரில்தான் நமது கிணறுகளில் பெரும்பாலானவை இருக்கின்றன, தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று அதில் இறங்கிக்கொண்டிருக்கிறது. எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று ஊர் ஊராக அளந்து வரைபடமாக்கும் வேலையை அவர்களின் ஆய்வேடாகவே வைக்கலாம்.

(தொடரும்)