மரத்தில் இருப்பவரை அவசரப்படுத்தாதீர்கள்!

கிளை கழிக்க ஆள் கூப்பிடுகிறீர்கள். அவர் உச்சிக்குப் போனதும், ‘அப்படியே அந்தக் கிளையையும் வெட்டிடுப்பா, அதே கூலிதானே!’ என்று கீழே இருந்து குரல் கொடுப்பீர்கள். அவர் கவனம் சிதறுவது அங்கேதான். எந்தக் கிளை, எவ்வளவு கூலி என்பதை ஏறும் முன்பே பேசி முடியுங்கள்.

மழை விட்டதும் ஏறச் சொல்லாதீர்கள். ஈரப் பட்டை வழுக்கும். முருங்கைக் கிளை பருமனாக இருந்தாலும் சட்டென்று முறியும். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். அருகில் கம்பி போனால், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே அரிவாளை வைக்க வேண்டும். ‘இன்னிக்கு வேணாங்க’ என்று அவர் மறுத்தால், அது சோம்பல் அல்ல, அனுபவம்.

தவறி விழுந்துவிட்டால்? கை காலைப் பிடித்துத் தூக்குவதும், உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டுவதும் கூடவே கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால், புரட்டும்போது தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலற்றுப் போகலாம். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

‘எண்ணெய் போட்டு நீவிவிடலாமா டாக்டர்?’ என்று கேட்பவர்கள் உண்டு. சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: முதலில் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. தைலமும் கட்டும் அதற்குப் பிறகுதான்!