நாடகம் (சொல்லும் பொருளும்)

நாடகம் என்பது, ஒரு கதையைப் பேச்சு, நடிப்பு, பாடல், ஆடல் ஆகியவற்றின் மூலம் பார்வையாளர் முன் நிகழ்த்திக் காட்டும் கலை ஆகும். அவ்வாறு நிகழ்த்துவதற்காக எழுதப்படும் நூலும் நாடகம் என்றே வழங்கப்படுகின்றது. இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழ்ப் பகுப்பில் இது மூன்றாவது ஆகும்.

இச்சொல்லின் பொருள் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. பழைய நூல்களில் இது பெரும்பாலும் ஆடலையும், சில இடங்களில் புனைவையும் குறித்தது. மாந்தர் வசனம் பேசி நடிக்கும் மேடை நாடகம் என்ற பொருள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வலுப்பெற்றது. ஆகவே, பழைய நூல் ஒன்றில் இச்சொல்லைக் காணும்போது இன்றைய பொருளைக் கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

சொற்பிறப்பு

நாடகம் என்ற சொல் வடமொழியிலும் தமிழிலும் வழங்குகின்றது. இது ஆடுதல், நடித்தல் என்னும் பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்தது என்பர். நடனம், நாட்டியம், நடிகர் ஆகிய சொற்களும் இதனோடு தொடர்புடையவை. நாடு, அகம் என்று இச்சொல்லைப் பிரித்து, நாட்டைத் தன்னகத்தே கொண்டது நாடகம் எனக் கூறும் விளக்கமும் உண்டு. இது கலையின் சிறப்பைக் கூறுவதேயன்றிச் சொல்லின் வரலாற்றைக் காட்டுவதன்று.

ஆங்கிலத்தில் வழங்கும் டிராமா என்ற சொல், செய்தல் என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. தியேட்டர் என்ற சொல்லோ பார்க்கும் இடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும். கிரேக்கச் சொற்கள் செயலையும் பார்வையையும் முதன்மைப்படுத்த, நாடகம், கூத்து ஆகிய சொற்கள் ஆடலை முதன்மைப்படுத்துகின்றன.

பழைய நூல்களில்

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டு தொடர்கள் வருகின்றன. இங்கு நாடக வழக்கு என்பது மேடையைக் குறிப்பதன்று. வெவ்வேறு இடங்களிலும் காலங்களிலும் நிகழக்கூடியவற்றைச் சுவைபடத் தொகுத்துப் புனைந்து கூறும் முறையையே அது குறிக்கும். உள்ளதை உள்ளவாறு கூறுவது உலகியல் வழக்கு ஆகும்.

சிலப்பதிகாரத்தில் நாடக மகளிர் எனப்படுவோர் ஆடலிலும் பாடலிலும் தேர்ந்தவர்கள். அந்நூலின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கு 7 கோல் அகலமும், 8 கோல் நீளமும், 1 கோல் உயரமும் உடையது என்கின்றது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளையும் அது குறிப்பிடுகின்றது. ஆனால் அந்த அரங்கில் நிகழ்ந்தது ஆடலேயன்றி, உரையாடலால் நடத்தப்படும் கதை அன்று.

கூத்தும் நாடகமும்

கூத்து என்பது ஆடலையும் கதை நிகழ்த்துதலையும் ஒருங்கே குறிக்கும் பழைய சொல். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறும். கூத்து காணத் திரளும் கூட்டத்தையும் அது கலைந்து போவதையும் செல்வத்தின் நிலையாமைக்கு உவமையாகத் திருக்குறள் கூறுகின்றது.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், கூத்தின் வகைகளுள் ஒன்றாகச் சாந்திக்கூத்தைக் கூறுகின்றார். அதனைச் சொக்கம், மெய், அவிநயம், நாடகம் என நான்காகப் பகுக்கின்றார். இவற்றுள் கதை தழுவி வருவதே நாடகம் ஆகும். அதாவது கூத்து பொதுப்பெயராகவும், நாடகம் அதன் ஒரு வகையாகவும் கொள்ளப்பட்டன.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள 11 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் இவ்விரு சொற்களும் ஒன்றாகக் காணப்படுகின்றன. இராசராசேசுவர நாடகத்தை ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் வழங்கப்பட்டதை அது தெரிவிக்கின்றது. ஆடப்பட்டது நாடகம், ஆடியவன் கூத்தன்.

ஈழத்திலும் இதை ஒத்த வழக்கு உண்டு. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துகள் ஆடப்படுகின்றன. இவற்றைப் பழக்குபவர் அண்ணாவியார் எனப்படுவார். நிகழ்வு கூத்து என அழைக்கப்பட்டாலும், அதன் ஏடு நாடகம் எனப் பெயர் பெறுவதுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் பதிப்பித்த அலங்காரரூபன் நாடகம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இன்றைய பொருள்

18 ஆம் நூற்றாண்டில் அருணாசலக் கவிராயர் இயற்றிய இராம நாடகம் கீர்த்தனைகளால் ஆனது. 1891 இல் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. இது அங்கம், களம் என்னும் பிரிவுகளைக் கொண்ட செய்யுள் நாடகம். பெரிதும் படிப்பதற்கு உரியது. அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். உரைநடை வசனம் மிகுந்த அவரது நாடகங்கள் இச்சொல்லின் இன்றைய பொருளை நிலைநிறுத்த உதவின. அதே காலப்பகுதியில் சங்கரதாசு சுவாமிகளின் நாடகங்கள் பாடலை முதன்மையாகக் கொண்டு ஊர்தோறும் நடிக்கப்பட்டன.

தொடர்புடைய சொற்கள்

அரங்கு: நிகழ்த்தும் இடம். இன்று நாடகக் கலை முழுவதையும் குறிக்கவும் பயன்படுகின்றது. இலங்கையில் நாடகமும் அரங்கியலும் என்ற பெயரில் இது பாடசாலைப் பாடமாக உள்ளது. இங்கு நாடகம் பனுவலையும், அரங்கு நிகழ்த்துதலையும் சுட்டுவதாகப் பொதுவாகக் கொள்வர்.

தெருக்கூத்து: தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இரவு முழுவதும் ஆடப்படும் கூத்து. கட்டியங்காரன் என்னும் பாத்திரம் இதில் இன்றியமையாதது.

இசை நாடகம்: பாடல்களால் கதையை நடத்தும் மேடை நாடகம்.

நாட்டிய நாடகம்: உரையாடலுக்குப் பதிலாக ஆடலாலும் அபிநயத்தாலும் கதையை உணர்த்துவது.

வீதி நாடகம்: மேடையும் திரையும் இன்றிப் பொது இடத்தில் நடிக்கப்படுவது. பெயர் ஒத்திருப்பினும் இது தெருக்கூத்திலிருந்து வேறானது. பெரும்பாலும் சமூக, அரசியல் கருத்துகளைக் கூறுவது.

பேச்சு வழக்கில்

நாடகமாடுதல் என்பது பேச்சு வழக்கில் பொய்யாக நடித்து ஏமாற்றுவதைக் குறிக்கும். முறையற்ற, நகைப்புக்கிடமான நிகழ்ச்சியைக் கூத்து என்பர். கூத்தாடி என்ற சொல் இன்று கலைஞரை இழித்துக் கூறவும் பயன்படுகின்றது. அவ்வேரினின்றே வந்த கூத்தன் என்ற சொல் தில்லையில் ஆடும் சிவனுக்கு உரிய பெயராகவும், சாந்திக்கூத்தன் என்பது அரசன் நெல் அளித்துப் போற்றிய கலைஞனின் பெயராகவும் வழங்கியது குறிப்பிடத்தக்கது.