டப்பா மேலே என்ன எழுதியிருக்கு?

சுட்டிகளே, போன வாரம் மாமா வைத்த பாயசம் உப்புக் கரித்தது!

தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள். என் தங்கை மகள் சமையலறை டப்பாக்களுக்கு ஆசையாகச் சீட்டு ஒட்டியிருந்தாள். ஒன்றில் ‘வெள்ளைப் பொடி’. இன்னொன்றில் ‘சமையலுக்கு’. சர்க்கரை என்று நினைத்து நான் அள்ளிப் போட்டது தூள் உப்பு.

இரண்டு சீட்டிலும் பொய் இல்லை. ஆனால் உதவியும் இல்லை, பார்த்தீர்களா?

இதே சிக்கல் ஏஐ-க்கும் வரும். எப்படி என்று கேட்கிறீர்களா? சபாஷ்! கேள்வி கேட்கிற பிள்ளைக்குத்தான் அறிவியல் ஓடி வரும்.

கேள்வி கேட்டால் பதில் எழுதும் ஏஐ-யைப் பார்த்திருப்பீர்கள். நிறையப் படித்த பிள்ளை அது. ஆனாலும் மதுரையில் இப்போது மழை பெய்கிறதா என்று அதற்குத் தானாகத் தெரியாது. ரயில் டிக்கெட் எடுக்கவும் தெரியாது. அதனால் அதற்குச் சில கருவிகளைக் கொடுக்கிறோம். கருவி என்றால் சுத்தியலும் திருப்புளியும் இல்லை, சின்னச் சின்னக் கணினி நிரல்கள். எந்தக் கருவி வேண்டும் என்று தானே முடிவு செய்து, படிப்படியாக வேலையை முடிக்கும் ஏஐ-க்கு ‘ஏஜென்ட்’ என்று பெயர்.

இங்கேதான் வேடிக்கை. ஏஜென்ட் அந்தக் கருவியைத் திறந்து பார்ப்பதில்லை. அதற்குத் தெரிவதெல்லாம் ஒரு சீட்டுதான். அதில் மூன்று விஷயம் இருக்கும்: கருவியின் பெயர், அது செய்யும் வேலை, அதற்கு நாம் தர வேண்டிய விவரங்கள். ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு, “இந்தக் கருவி வேண்டும், இந்தாங்க விவரம்” என்று எழுதித் தரும். இன்னொரு நிரல் அந்தக் கருவியை ஓட்டி, பதிலைக் கொண்டுவந்து கொடுக்கும்.

புரிந்ததா? எங்கே, ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். சீட்டைப் படிக்கும், கேட்டு எழுதும், பதிலை வாங்கும். அவ்வளவுதான்.

இப்போது ஒரு சீட்டைக் கிட்டத்தில் பார்ப்போமா? ஒருவர் இப்படி எழுதினார்:

‘ரயில் கருவி. ரயில் டிக்கெட் பற்றியது.’

நீங்கள் ஏஜென்டிடம், “மாம்பழ சீசனுக்குத் தாத்தா வீட்டுக்குப் போகணும், மதுரை ரயிலில் இடம் இருக்கா?” என்று கேட்கிறீர்கள். இந்தக் கருவி இடம் பார்க்குமா, டிக்கெட்டே எடுத்துவிடுமா? சீட்டில் இல்லை. ஏஜென்ட் ஊகிக்கும். ஊகம் தப்பினால் அப்பாவின் பணம் போய்விடும்!

அதையே இப்படி எழுதலாம்:

‘இடம்_பார். இரண்டு நிலையங்களுக்கு இடையே, ஒரு நாளில் ஓடும் ரயில்களில் எத்தனை இடம் காலி என்று சொல்லும். டிக்கெட் எடுக்காது. அதற்கு டிக்கெட்_எடு என்ற கருவி உண்டு. நிலையத்தின் பெயரைத் தராமல் குறியீட்டைத் தரவும்: சென்ட்ரல் எம்ஏஎஸ், எழும்பூர் எம்எஸ். தேதி: ஆண்டு-மாதம்-நாள். உதாரணம்: 2026-04-03.’

குறியீடு எதற்கு? வெறுமனே ‘சென்னை’ என்றால் சென்ட்ரலா, எழும்பூரா? தேதிக்கு ஏன் உதாரணம்? 03-04 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்காவில் அதுவே மார்ச் 4! ‘எடுக்காது’ என்று ஏன் எழுதினோம்? எதைச் செய்யும் என்பதைப் போலவே எதைச் செய்யாது என்பதும் முக்கியம்.

அளவையும் மறக்கக் கூடாது. “பட்டத்துக்கு நூல் பத்து வாங்கிட்டு வா” என்றால் பத்து மீட்டரா, பத்து கண்டா? கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கணினி கேட்காது.

கேட்காததால் என்ன ஆகும் தெரியுமா? 1999-இல் நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் செவ்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பூமியில் ஒரு நிரல் உந்துவிசையைப் பவுண்டு கணக்கில் எழுதியது. அதை வாங்கிய நிரலோ நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறக்குறைய 4.45 நியூட்டன். பாதை பிசகியது. செப்டம்பர் 23 அன்று விண்கலம் செவ்வாய்க்கு மிக நெருங்கிப் போய்த் தொலைந்தது. அது ஏஐ இல்லை. ஆனாலும் ஒரு நிரல் எழுதியதை இன்னொரு நிரல் தப்பாகப் படித்த கதைதான்.

சரி, மணி அடிப்பதற்குள் ஒரு விளையாட்டு. வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைச் சீட்டில் விவரித்து நண்பனிடம் கொடுங்கள். நீங்கள் வாயே திறக்கக் கூடாது. அவன் வேறு எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால் அவனைத் திட்டாதீர்கள், சீட்டைத் திருத்துங்கள். ஏஜென்ட்களுக்குக் கருவி செய்கிறவர்களும் இப்படித்தான்: ஓட்டிப் பார்ப்பார்கள், தடுமாறும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள், வரியை மாற்றுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள்.

எங்கள் வீட்டு டப்பாவிலும் இப்போது புதுச் சீட்டு: ‘சர்க்கரை. காபி, பாயசத்துக்கு. உப்பு பக்கத்து டப்பாவில்.’ அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: ‘மாமா, சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை நக்கிப் பார்க்கவும்.’

பாவம் ஏஜென்ட், அதற்கு நாக்கு இல்லை. அதனால் நாம்தான் நன்றாக எழுத வேண்டும்!