பிள்ளைக்குச் சுகமில்லையா? பள்ளிக்கு அனுப்பலாமா, விடலாமா?

ஸ்ட்ரெதமுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு அடிக்கடி வரும் சந்தேகம் இது. "பள்ளிக்கு விடாவிட்டால் கேஸைப் பாதிக்குமோ" என்று பயந்து காய்ச்சலோடு பிள்ளையை அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரு தும்மலுக்கே ஒரு கிழமை மறிப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். சுகமில்லாத பிள்ளை வீட்டில் நிற்பது குற்றமல்ல. உங்கள் அசைலம் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கு அறிவிக்காமல் விடுவதுதான் பிரச்சினை.

அனுப்பலாம்:
- தடிமன், இலேசான இருமல், தொண்டை நோ (காய்ச்சல் இல்லாவிட்டால்)
- தலையில் பேன், பூச்சித் தொல்லை
- கண் சிவந்து பீளை தள்ளுதல் (பிள்ளை மற்றப்படி சுகமாக இருந்தால்)

வீட்டில் வைத்திருங்கள்:
- காய்ச்சல் (38 பாகைக்கு மேல்): காய்ச்சல் விடும் வரை.
- சத்தி, வயிற்றோட்டம்: கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம்.
- கொப்பளிப்பான்: எல்லாக் கொப்புளமும் அயறு கட்டும் வரை. அநேகமாக 5 நாள். ஊரில் அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை வைத்து இரண்டு கிழமை மறிப்போம்; இங்கே அவ்வளவு தேவையில்லை. டொக்டர் சொல்லாமல் ஐபுபுரோபன் கொடுக்கவேண்டாம். விடுதியில் கர்ப்பிணிகள் இருந்தால் உடனே சொல்லுங்கள்.
- மீசில்ஸ் எனும் சின்னமுத்து: தழும்பு போட்டதிலிருந்து குறைந்தது 4 நாள். கிளினிக்குக்கு நேரே போகாமல் முதலில் போன் பண்ணுங்கள். மற்றவர்களுக்குச் சுலபமாகத் தொற்றும்.

பள்ளிக்கு எப்படிச் சொல்வது?

முதல் நாள் காலையிலேயே ஒபிஸுக்குப் போன் எடுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு சொல்லி, "சிக் ருடே, நொட் கமிங்" என்றால் போதும். சாதாரண வருத்தத்துக்குப் பெரும்பாலும் டொக்டர் கடிதம் கேட்கமாட்டார்கள். ஒன்றுமே சொல்லாமல் நின்றால் அனுமதியில்லாத லீவாகப் பதிவார்கள். 10 பள்ளிக் கிழமைக்குள் அப்படி 5 நாள் சேர்ந்தால் 80 பவுண் தண்டம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் அது 160 பவுண்.

யாரிடம் கேட்பது?

சந்தேகம் என்றால் 111 அடியுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், காசில்லை. "டமில் இன்ரப்றிற்றர் பிளீஸ்" என்று சொல்லுங்கள், தமிழில் கதைக்க ஆள் தருவார்கள். மூச்செடுக்கக் கஷ்டம், எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, அல்லது கண்ணாடிக் கிளாஸால் அமர்த்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள் கண்டால் தாமதிக்காமல் 999. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் வந்தாலும் உடனே 111 அடியுங்கள்.

இன்னும் ஜீபியில் பதியவில்லையா? விலாசச் சான்றோ பாஸ்போட்டோ இல்லாவிட்டாலும் பதியலாம், காசும் இல்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டொக்டர் எழுதும் மருந்தும் இலவசம். பிள்ளைக்கு வருத்தம் வந்தபிறகு ஓடாமல் இந்தக் கிழமையே பதிந்துவிடுங்கள்.