முழங்காலுக்கு ஊசி: வலி போகும், தேய்மானம் போகுமா?

1948-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி. அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். அங்குள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் 29 வயதுப் பெண் ஒருத்தி சிகிச்சைக்காகச் சேர்ந்திருந்தாள். முடக்கு வாதம் அவளுடைய மூட்டுகளை இறுக்கிப் பிடித்திருந்தது. கட்டிலை விட்டு இறங்குவதே அவளுக்குப் பெரும்பாடு.

அன்று ஒரு புது மருந்தை அவளுடைய தசையில் ஊசி மூலம் ஏற்றினார்கள். மறுநாளும் ஏற்றினார்கள். இரண்டொரு நாட்களில் அவளால் சிரமமின்றிப் புரண்டு படுக்க முடிந்தது. ஒரு வாரம் சென்றதும் அவள் எழுந்து கடைவீதிக்கே போய் வந்தாள்!

டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். அந்த மருந்துதான் பின்னர் "கார்ட்டிசோன்" என்று உலகப் புகழ் பெற்றது. அதைப் பிரித்தெடுத்த எட்வர்டு கெண்டல், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிலிப் ஹெஞ்ச், சுவிட்சர்லாந்தில் அதே துறையில் உழைத்த டேடியஸ் ரீக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், புகழோடு கூடவே இன்னோர் உண்மையும் வெளியாயிற்று. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வந்தது. நிறுத்தாமல் கொடுத்தாலோ, முகம் உப்பிற்று. வேறு தொல்லைகளும் தலைகாட்டின. கார்ட்டிசோன் நோயை அடக்கி வைத்ததே தவிர, வேரோடு களையவில்லை.

இன்று முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக் கொள்ள நினைப்பவர்கள் முதலில் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயமும் இதுதான். வலி அடங்குவது வேறு. மூட்டு சீர்படுவது வேறு.

வலி எங்கே பிறக்கிறது?

ராச்செஸ்டர் பெண்ணுக்கு வந்தது முடக்கு வாதம். உடலைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. வயதான பலருக்கு முழங்காலில் வருவது அதுவல்ல. அது தேய்மான வாதம்.

தொடை எலும்பும் காலெலும்பும் முழங்காலில் சந்திக்கின்றன. அவற்றின் முனைகளைக் குருத்தெலும்பு வழவழப்பாக மூடியிருக்கிறது. மூட்டின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது சுரக்கும் பிசுபிசுப்பான நீர், வண்டி அச்சுக்குப் போடும் எண்ணெய் போல மூட்டு உராயாமல் காக்கிறது.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ரத்த ஓட்டம் இல்லாததால், அது ஒரு முறை அழிந்தால் மீண்டும் பழையபடி வளர்வதில்லை. லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற உடற்கூறு நிபுணர் 1743-லேயே இதை எடுத்துச் சொன்னார்.

நரம்பு இல்லாததால், தேய்கிற குருத்தெலும்புக்கு வலி தெரியாது! வலி பிறப்பது அதைச் சுற்றியுள்ள இடங்களில். சவ்வு அழற்சி கண்டு வீங்குகிறது. அடியில் உள்ள எலும்பு நோகிறது. மூட்டைப் போர்த்தியிருக்கும் உறை இழுபடுகிறது. எக்ஸ்ரே படத்தில் மூட்டு மிகவும் தேய்ந்து காணப்படும் ஒருவர் சிரமமின்றி நடப்பதும், இலேசான தேய்மானம் உள்ள இன்னொருவர் மாடிப்படி ஏற முடியாமல் தவிப்பதும் இதனால்தான்.

மூட்டுக்கே நேராக மருந்து

உடம்பு முழுவதும் மருந்து பரவினால்தானே தொல்லை? வலிக்கிற மூட்டுக்குள் மட்டும் மருந்தைச் செலுத்தினால் என்ன? பிலடெல்பியா நகரில் ஜோசப் ஹாலண்டர் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த யோசனையைச் செய்து பார்த்தார்கள்.

கார்ட்டிசோனை மூட்டில் ஏற்றியபோது போதிய பலன் கிட்டவில்லை. அது உடம்புக்குள் முக்கியமாகக் கல்லீரலில் ஹைட்ரோகார்ட்டிசோனாக மாறிய பிறகுதான் வேலை செய்யும். ஆகவே, ஹைட்ரோகார்ட்டிசோனையே நேராக மூட்டுக்குள் செலுத்தினார்கள். வீக்கம் வற்றியது, வலி தணிந்தது. 1951-ல் இதை அவர்கள் வெளியிட்டார்கள். இன்று போடப்படும் "ஸ்டீராய்டு" ஊசிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

இந்த ஊசி ஓரிரு நாட்களில் வேலையைக் காட்டத் தொடங்கும். எத்தனை நாள் நிற்கும்? இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ வழிகாட்டுக் குழு 1 வாரமோ 1 வருஷமோ சொல்லவில்லை. 2 வாரம் முதல் 10 வாரம் வரை என்று 2022-ல் கூறியிருக்கிறது. சிலருக்கு இன்னும் கொஞ்சம் நீளலாம். சிலருக்குப் பலனே தெரியாமலும் போகலாம்.

மீண்டும் மீண்டும் போடலாமா?

"சென்ற தடவை நல்ல குணம் கண்டது; மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக் கொண்டே இருக்கலாமே!" என்று பலருக்குத் தோன்றும். இதற்கு விடை காண அமெரிக்காவில், பாஸ்டன் நகரில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2017-ல் வெளியாயிற்று.

முழங்கால் தேய்மானமும், சவ்வில் அழற்சியும் உள்ள 140 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 12 வாரத்துக்கு ஒரு முறை ஸ்டீராய்டு ஊசி. மற்றப் பிரிவினருக்கு வெறும் உப்பு நீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது.

முடிவில் பார்த்தால், வலியில் இரு பிரிவினருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் குருத்தெலும்பின் கனத்தில் வித்தியாசம் இருந்தது. உப்பு நீர் பெற்றவர்களுக்கு 0.10 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மருந்து பெற்றவர்களுக்கோ 0.21 மில்லிமீட்டர்! வலியைத் தணிக்கப் போட்ட மருந்து, ஓயாமல் போட்டதால் தேய்மானத்தைச் சற்று விரைவுபடுத்தியிருந்தது.

எப்போதாவது ஒரு முறை போடும் ஊசி கெடுதல் என்று இதற்குப் பொருள் அல்ல. வழக்கமாக்கிக் கொள்ளக் கூடாது என்பதே பொருள்.

சேவல் கொண்டையில் கிடைத்த பசை

அடுத்தது, மூட்டுக்கு "எண்ணெய் போடும்" ஊசி. இதன் கதை சுவையானது.

1934-ல் நியூயார்க்கில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டின் கண்ணிலிருந்து ஒரு பசைப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஹயலூரானிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். மூட்டு நீருக்குப் பிசுபிசுப்புத் தருவதும் இதே பொருள்தான். சேவலின் கொண்டையில் இது ஏராளமாக உண்டு. ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஷ் என்ற விஞ்ஞானி அதிலிருந்து இதைச் சுத்தமாக எடுக்கும் முறையைக் கண்டார்.

முதலில் பலன் பெற்றவை பந்தயக் குதிரைகள்! 1970-களில் அவற்றின் மூட்டுகளில் இந்த ஊசி போடப்பட்டது. 1997-ல் அமெரிக்க அரசாங்கம் மனிதர்களின் முழங்காலுக்கும் இதை அனுமதித்தது. இப்போது கிருமிகளைக் கொண்டு நொதிக்க வைத்தும் இதைத் தயாரிக்கிறார்கள்.

தேய்ந்த மூட்டில் பசை குறைகிறது. பசையை ஏற்றினால் சரியாகிவிடும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால், 169 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து அலசிய அறிக்கை ஒன்று 2022-ல் வெளியாயிற்று. அந்த ஆராய்ச்சிகளில் கலந்து கொண்டவர்கள் மொத்தம் 21,163 பேர். பெரிய அளவில் நடந்த ஆராய்ச்சிகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, வலியை 100 மார்க் என்று வைத்துக் கொண்டால், வெற்று ஊசியைவிட இந்த ஊசி கூடுதலாகக் குறைத்தது 2 மார்க்தான்! நோயாளியால் உணரக்கூடிய வித்தியாசம் அல்ல அது. இங்கிலாந்தின் வழிகாட்டுக் குழு இந்த ஊசியைப் போட வேண்டாம் என்றே கூறிவிட்டது.

சொந்த ரத்தமே மருந்தா?

புதிதாக வந்திருப்பது ரத்தத் தட்டணு ஊசி. நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, எந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து முழங்காலில் ஏற்றுகிறார்கள். காயம் ஆறுவதற்குத் தட்டணு உதவுவதால், மூட்டையும் அது ஆற்றும் என்பது நம்பிக்கை.

ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். பாதிப் பேருக்குத் தட்டணு. பாதிப் பேருக்கு உப்பு நீர். ஓராண்டு கழித்து, 10 மார்க் அளவுகோலில், தட்டணு பெற்றவர்களுக்கு வலி 2.1 மார்க் குறைந்திருந்தது. உப்பு நீர் பெற்றவர்களுக்கும் 1.8 குறைந்திருந்தது! குருத்தெலும்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. இந்த முடிவு 2021-ல் வெளியாயிற்று.

வேறு சில சிறு ஆராய்ச்சிகள் பலன் உண்டு என்கின்றன. ரத்தத்தைப் பக்குவப்படுத்தும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆகவே வாதம் இன்னும் ஓயவில்லை. எனினும், நிறையப் பணம் வாங்கிக் கொண்டு "குருத்தெலும்பு மறுபடி முளைக்கும்" என்று யாரேனும் உறுதி சொன்னால், அந்த உறுதிக்கு ஆதாரம் இல்லை.

உப்பு நீர் எப்படி வலியைக் குறைத்தது? மூட்டு வலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பலர் டாக்டரிடம் போகிறார்கள். பிறகு அது தானாகவே கொஞ்சம் இறங்கும். டாக்டர் மீதும் ஊசி மீதும் உள்ள நம்பிக்கையும் வலியைத் தணிக்கும். "பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமாயிற்று" என்ற பேச்சை மட்டும் வைத்து ஒரு மருந்தை எடை போட முடியாததற்கு இதுவே காரணம்.

ஊசியை வென்ற பயிற்சி

அமெரிக்காவில் இரண்டு ராணுவ ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆராய்ச்சி 2020-ல் வெளியாயிற்று. முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேர். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி. பாதிப் பேருக்குப் பயிற்சி நிபுணரிடம் உடற்பயிற்சி. வலி, இறுக்கம், நடமாட்டம் ஆகியவற்றுக்கு மொத்தம் 240 மார்க். மார்க் குறையக் குறைய நல்லது.

தொடக்கத்தில் இரு பிரிவினரும் ஏறக்குறைய 108 மார்க்கில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் ஊசி பெற்றவர்கள் 55.8-க்கு வந்தார்கள். பயிற்சி செய்தவர்களோ 37-க்கே இறங்கி விட்டார்கள்!

இதில் வியப்பில்லை. முழங்காலின் பாரத்தைத் தாங்குவது தொடையின் முன்புறத் தசை. வலிக்குப் பயந்து நடக்காதவருக்கு அந்தத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டின் மேல் விழுகிறது, வலி கூடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிச் சில விநாடி நிறுத்தி இறக்கும் சுலபமான பயிற்சிகூட இந்தத் தசைக்கு வலுவூட்டும்.

உடல் பருமனும் முக்கியம். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலின் மேல் விழும் பாரத்தில் நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 2005-ல் கணக்கிட்டது.

எப்போது போடலாம்?

அப்படியானால் ஊசியே வேண்டாமா? அப்படியல்ல. முழங்கால் வீங்கி, இரவில் தூக்கம் கெட்டு, பயிற்சி செய்யவே முடியாத நிலை சிலருக்கு வருகிறது. அப்போது ஸ்டீராய்டு ஊசி உதவும். வேறு மருந்துகள் பயன்படாதபோதும், உடற்பயிற்சிக்குத் துணையாகவும் இதைப் போடலாம் என்று இங்கிலாந்தின் குழு சொல்கிறது.

ஊசி போடுமுன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. நீரிழிவு இருந்தால் சொல்ல வேண்டும்; ஊசிக்குப் பிறகு சில நாட்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவதையும், உடம்பில் புண்ணோ காய்ச்சலோ இருப்பதையும் சொல்ல வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், அதற்கு முந்திய மூன்று மாதங்களில் இந்த ஊசி கூடாது. கிருமி தொற்றும் அபாயம் உண்டு.

ஊசி போட்ட ஓரிரு நாள் வலி சற்றுக் கூடுவது சகஜம். ஆனால் முழங்கால் சிவந்து, சூடேறி, வீங்கி, காய்ச்சலும் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலி தணிந்த அந்தச் சில வாரங்களை எப்படிக் கழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "குணமாகி விட்டது" என்று எண்ணிப் பழையபடி இருந்து விட்டால், வலி திரும்பி வரும். அடுத்த ஊசிக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த வாரங்களிலேயே பயிற்சியைத் தொடங்கித் தொடையைப் பலப்படுத்திக் கொண்டவருக்கு, ஊசியின் வேகம் தீர்ந்த பிறகும் நடை நிற்கும்.