உஷார்! மரை போன நிப்பிளோடு சுரம் ஏறாதீர்கள்

அகளியில் ஜீப் ஓட்டுகிறவர்களே, நாளைக் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போதே பானட்டைத் தூக்கி, கூலண்ட் ஹோஸ் மாட்டிய நிப்பிளைப் பாருங்கள். அதன் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? யாராவது எம்-சீல் அப்பி வைத்திருக்கிறார்களா? அப்படியானால் மண்ணார்க்காட்டிலிருந்து முக்காலிக்கு ஏறும் சுரத்தில் அந்த வண்டியில் ஆளேற்றாதீர்கள். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஊரிலிருந்து கோட்டத்தறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதும் இதே ஜீப்தானே!

ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று போட்டிருந்தால், வெளிக்காற்றைவிட 0.9 பார் வரை கூடுதல் அழுத்தம் உள்ளே நிற்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது நிப்பிள் பிடுங்கிக்கொண்டால் அழுத்தம் சட்டென்று விழும், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் கொதித்துச் சீறும். வெந்து போன கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. டெம்பரேச்சர் சென்சார் கூலண்டில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலண்ட் மெல்ல ஒழுகித் தீர்ந்துவிட்டால் அதைச் சுற்றி ஆவிதான் இருக்கும், முள் கீழேயே நிற்கும். டிரைவர் நம்பி ஓட்டுவார். அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போன பிறகுதான் தெரியும்.

மரை கெடுவது பெரும்பாலும் அவசரத்தில்தான். 1/8 அங்குலக் குழாய் மரையும் 10 எம்எம் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "இன்னும் கொஞ்சம்" என்று ஸ்பேனரில் குழாயைச் சொருகி அழுத்தினால் அலுமினியம் வழித்துக்கொண்டு வந்துவிடும். கூம்பு மரையில் இன்னொரு ஆபத்து: இறுக்க இறுக்க அது ஆப்பு போல வேலை செய்து, நிப்பிள் ஏறும் அலுமினிய ஹவுசிங்கையே பிளந்துவிடும். நிப்பிள் எப்போதும் கையாலேயே மூன்று நான்கு சுற்று லகுவாக ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மரை வேறு, அல்லது கோணலாகப் பிடித்திருக்கிறது. கழற்றிவிடுங்கள்.

போன மரைக்கு மருந்து உண்டு. ஹவுசிங் சுவரில் கனம் இருந்தால் ஒரு சைஸ் பெரிதாகத் துளைத்து, மரை வெட்டும் டேப் அடித்து, புஷ் ஏற்றி நிப்பிளைப் பொருத்தலாம். ஹெலிகாயில் சுருளும் மரைக்குப் பலம் கொடுக்கும். ஆனால் தண்ணீர் சுருளின் வழியாகவே கசிந்து வரும், சீலண்ட் இல்லாமல் போடக் கூடாது. என் யோசனை கேட்டால் கூலண்டுக்கு முழு புஷ்தான் நல்லது. முடிந்தவரை ஹவுசிங்கைக் கழற்றி, கோவையிலோ மண்ணார்க்காட்டிலோ நல்ல லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

வண்டியிலேயே டேப் அடித்தாக வேண்டுமா? டேப்பின் பள்ளங்களில் கெட்டி கிரீஸ் பூசுங்கள், பிசிறு அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. அடிக்கடி வெளியே எடுத்துத் துடையுங்கள். உள்ளே விழுந்த அலுமினியத் துருவல் வாட்டர் பம்ப் சீலை அறுக்கும், ரேடியேட்டர் குழாயை அடைக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசியே ஆக வேண்டும்.

நிப்பிளை மாட்டும்போது டெஃப்லான் டேப்பை முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஒற்றை வயர் சென்சாரில் டேப்பைக் கனமாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் மீட்டர் வேலை செய்யாது, அங்கே அதைத் தவிருங்கள்.

பிடித்து வைத்த பழைய கூலண்டை வாசலில் வைக்காதீர்கள். அது இனிக்கும், நாயும் குழந்தையும் வாய் வைத்தால் உயிர் போகும்.

வேலை முடிந்த முதல் நாள் கூளிக்கடவு வரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்த்து, நிப்பிளின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் வண்டி அன்று நிற்கட்டும்.